அணியும் இயல்பும்: பாத்திர விளையாட்டுகளின் அறச்சார்பு முறை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

விளையாட்டினை ஆய்வுக்குரிய பொருளாகக் கொள்ளும் வழக்கம் நமது கல்வியுலகில் இன்னும் வேரூன்றவில்லை. கூத்தினையும் சடங்கினையும் நாட்டார் பாடலையும் ஆராய்வோர் கூட, அவற்றுடன் ஒருங்கே வளர்ந்த விளையாட்டினை வெறும் பொழுதுபோக்கென ஒதுக்கிவிடுவர். ஆயின், ஒரு சமூகம் தான் நன்றென்றும் தீதென்றும் கொள்பவற்றைத் தன் உறுப்பினர்க்குப் பயிற்றும் களங்களுள் விளையாட்டும் ஒன்றாகும். பரமபதப் பலகையில் ஏணிகள் நற்குணங்களுக்கும் பாம்புகள் தீக்குணங்களுக்கும் உரியனவாக வரையப்பட்டமை தற்செயலன்று. எனினும் அப்பலகையில் ஆடுவோன் நன்மையைத் தெரிந்தெடுப்பதில்லை. விழும் எண்ணே அவனை ஏற்றுகின்றது, இறக்குகின்றது. தெரிவுக்கு இடமில்லாதவிடத்து அறம் பற்றிய விவாதத்திற்கும் இடமில்லை.

தெரிவினை நடுவாகக் கொண்ட ஒரு விளையாட்டு 1974இல் அமெரிக்காவில் வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் ஆக்கிய ‘டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்பதே அது. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் அமர்வர். ஒருவர் ஆட்ட நடத்துநர். கற்பனை உலகொன்றையும் அதன் மாந்தரையும் அவர் விவரிப்பார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அப்பாத்திரம் யாது செய்யும் என்பதைச் சொல்வர். முடிவு ஐயத்துக்குரியதாயின் பகடை தீர்க்கும். பாட்டும் வசனமும் முன்கூட்டியே எழுதப்படாத ஒரு கூத்து என்று இதனைக் கொள்ளலாம்.

இவ்விளையாட்டில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பெயர், வலிமை, தொழில் என்பவற்றோடு ‘அறச்சார்பு’ என்ற ஒன்றும் குறிக்கப்படும். அப்பாத்திரம் நன்மையின் பக்கமா தீமையின் பக்கமா, ஒழுங்கின் பக்கமா ஒழுங்கின்மையின் பக்கமா என்பதே அக்குறிப்பு. இம்முறை பயனுடையதா, அன்றி மனித நடத்தையைப் பெட்டிகளுள் அடைக்கும் சிறுபிள்ளைத்தனமா என்ற விவாதம் அரைநூற்றாண்டாக நிகழ்ந்து வருகின்றது. இவ்விவாதத்தினை, கல்முனைக்கு மேற்கே வயல்வெளிகளிடையே அமைந்த சவளக்கடை போன்றதோர் ஊரில் நின்று நோக்கின் அதன் சமூக உள்ளடக்கம் துலங்கும் என்பது நமது கருத்து. அறச்சார்பு என்னும் இவ்வொரு சொல்லினுள் அணி, இயல்பு என்ற இரு வேறு கருத்துகள் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்தறிதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

முதற்கண் வரலாற்றைக் கவனிப்போம். அறச்சார்பு என்பது தொடக்கத்தில் ஒழுக்கம் பற்றிய கோட்பாடாக இருக்கவில்லை. கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் 1971இல் வெளியிட்ட ‘செயின்மெயில்’ என்ற போர் விளையாட்டு விதிநூலில், கற்பனைப் படைகள் ஒழுங்கு, நடுநிலை, ஒழுங்கின்மை என மூவகைப்படுத்தப்பட்டன. எப்படை எப்படையுடன் ஒரே பக்கத்தில் நின்று பொரும் என்பதே ஆங்கு வினா. அஃதாவது, அது ஓர் அணிவகுப்பு அட்டவணை. அதன் கருத்து மூலமாக அமைந்தவை, போல் ஆண்டர்சன் 1953இல் சஞ்சிகையில் வெளியிட்டு 1961இல் நூலாக்கிய ‘மூன்று இதயங்களும் மூன்று சிங்கங்களும்’ என்ற புதினமும், மைக்கேல் மூர்கொக் 1961 தொடக்கம் எழுதிய எல்ரிக் கதைகளுமாகும். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், உலகம் இரு முகாம்களாகப் பிரிந்து நின்ற பனிப்போர்க் காலத்தின் படைப்புகள் அவை. பிரபஞ்சம் முழுவதும் இரு பெருஞ்சக்திகளின் போராட்டமே என்ற கற்பனை அக்காலத்து வாசகர்க்கு எளிதிற் புரிந்தமையில் வியப்பில்லை.

1974ஆம் ஆண்டு விதிநூலிலும் மூன்று அணிகளே இருந்தன. மனிதர் மூன்று பட்டியல்களிலும் இடம்பெற்றனர். பின்னாளிற் கொடியோர் எனப் பெயர்பெற்ற ‘ஓர்க்’ என்னும் இனத்தவர் கூட நடுநிலை, ஒழுங்கின்மை ஆகிய இரு பட்டியல்களிற் காணப்பட்டனர். அஃதாவது, ஓர் இனத்தவர் சூழ்நிலைக்கேற்ப எப்பக்கமும் சாரலாம் என்ற நெகிழ்வு அங்கே எஞ்சியிருந்தது.

1976 பெப்ரவரியில் கைகாக்ஸ் எழுதிய கட்டுரையொன்று ஒழுங்கு–ஒழுங்கின்மை என்னும் அச்சுக்குக் குறுக்காக நன்மை–தீமை என்னும் இரண்டாவது அச்சினை வரைந்தது. 1978இல் வெளியான விதிநூல் இதனை ஒன்பது பிரிவுகளாக நிலைநிறுத்தியது. அதே 1976இன் ஓகஸ்டில் அணிசேரா நாடுகளின் ஐந்தாவது உச்சி மாநாடு கொழும்பிற் கூடியது. இரண்டுக்கும் நேர்த்தொடர்பு யாதுமில்லை. எனினும், அணிசேர்தல், நடுநிலை நிற்றல் என்பன அக்கால உலகின் பொதுச்சொற்களாக இருந்தமை மனங்கொள்ளத்தக்கது. அரசியலில் அணிசேராமை என்பது ஒரு நிலைப்பாடு. அதற்குக் காரணங்கள் கூறப்படும், நிலைமை மாறின் அதுவும் மாறலாம். விளையாட்டிலோ, அணி என்பது படிப்படியாகப் பாத்திரத்தின் உள்ளத்தில் உறையும் குணமாக மாற்றப்பட்டது. படைவகுப்பு ஆன்மாவின் வகுப்பாயிற்று.

3

இம்மாற்றத்தில் இழப்பு மட்டுமே நேர்ந்தது என்று கொள்ளுதல் பொருந்தாது. இரண்டு அச்சுகளை வரைந்தமையால் ஒரு முக்கியமான கருத்து விளையாட்டினுட் புகுந்தது. ஒழுங்கு வேறு, நன்மை வேறு என்பதே அது. நிலமானியச் சமூகத்தின் அறநூல்கள் பெரும்பாலும் இவ்விரண்டையும் ஒன்றெனவே போதித்தன. அரசன் ஆணைக்கும் குல வழக்கத்துக்கும் அடங்கி நடப்பவன் நல்லவன், மீறுபவன் தீயவன். அம்மயக்கத்தை ஒன்பது கட்டங்கொண்ட இவ்வட்டவணை உடைக்கின்றது. ‘ஒழுங்கு–தீமை’ என்றொரு கட்டம் அதில் உண்டு. சட்டத்தின் எழுத்துக்கு எள்ளளவும் பிசகாமல் இழைக்கப்படும் கொடுமைக்கு உரிய கட்டம் அது. உரிமையுறுதி காட்ட இயலாத காடுகளையும் தரிசுகளையும் முடிக்குரியனவாகக் கொள்வதற்கு வழிவகுத்த 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தை அறிந்த இலங்கை மாணவனுக்கு இக்கட்டத்தினை விளக்க நெடுநேரம் செல்லாது.

ஓர் எடுத்துக்காட்டினை நாமே அமைத்துப் பார்ப்போம். சவளக்கடையில் ஐந்து இளைஞர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, பூதங்களும் பாதாளங்களும் நிறைந்த உலகுக்குப் பதிலாகத் தமது வயல்வெளியையே களமாகக் கொள்கின்றனர் என்க. சிறுபோகம், மழையில்லை. போகத் தொடக்கத்திற் கூட்டங்கூடித் தீர்மானித்த முறைப்படி வாய்க்கால் நீர் கண்டம் கண்டமாகத் திறக்கப்படுகின்றது. வட்டைவிதானை முறை பிசகாது காவல் செய்கின்றார். வாய்க்காலின் கடைசியிற் குத்தகைக்கு வயல் செய்யும் ஒருவனது வேளாண்மை கதிர் தள்ளும் பருவத்திற் கருகுகின்றது. நள்ளிரவில் அவன் மடையைத் திறந்துவிடுகின்றான். மேற்கண்டத்துப் போடியாரோ முறைமீறல் எதுவுமின்றித் தம் உரிமை நீர் முழுவதையும் எடுத்துக்கொண்டு, எஞ்சியதை வடிச்சலில் விடுகின்றார். அறுவடை தவறினால், உறுதி எழுதிக் கொடுத்த கடனுக்காகக் குத்தகைக்காரனின் மாட்டினைப் பிடிக்கவும் அவருக்குச் சட்டப்படி வழியுண்டு.

ஒற்றை அச்சினைக் கொண்டு நோக்கின் மடை திறந்தவன் திருடன், போடியார் கண்ணியவான், வட்டைவிதானை நீதிமான். இரண்டு அச்சுகளைக் கொண்டு நோக்குமிடத்து மேசையில் வாதம் எழும். மடை திறந்தவன் ஒழுங்கை மீறினான். ஆயின் தீமை செய்தானா? அவன் திறந்த நீர் அயலிலுள்ள இன்னோர் ஏழையின் முறை நீராயின் என்ன சொல்வது? விதானை ஒழுங்கைக் காத்தார். அவ்வொழுங்கு யாருடைய கூட்டத்தில், யாருடைய குரல் ஓங்கி நிற்கத் தீர்மானிக்கப்பட்டது? இவ்வினாக்களை எழுப்புதற்கு அட்டவணை உதவுகின்றது. அதன் முதற்பயன் இதுவே. விடை தருவது அதன் பணியன்று.

குறைபாடும் ஈண்டே தோன்றுகின்றது. ‘ஒழுங்கு’ என்று எழுதும் விதிநூல் யாருடைய ஒழுங்கு என்று கேட்பதில்லை. வர்க்கங்களாகப் பிளவுண்ட சமூகத்தில் ஒழுங்கு என்பது ஏதோவொரு உற்பத்தியுறவின் ஒழுங்காகவே இருக்க முடியும். அவ்வுறவினின்றும் பிரித்தெடுத்து அதனைப் பிரபஞ்ச சக்தியாக்கும்போது, போடியாரின் ஒழுங்கு இயற்கையின் ஒழுங்காகத் தோற்றம் பெறுகின்றது.

4

அணியும் இயல்பும் வேறுவேறு என்பதை நமது கிழக்கிலங்கை மரபு நன்குணர்ந்திருந்தது. மட்டக்களப்புப் பிரதேசத் தமிழ் ஊர்களிற் கண்ணகி வழிபாட்டோடு இணைந்து நிகழ்ந்த கொம்பு விளையாட்டினை நோக்குக. ஊர் வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரியும். வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். வளைந்த கொம்புகள் இரண்டினைப் பிணைத்துக் கயிறுகட்டி இழுப்பர். ஒன்று முறியும்வரை போட்டி நிகழும். வென்ற சேரியினர் தோற்ற சேரியினரை வசைபாடுவர். சிங்கள மக்களிடையே பத்தினி வழிபாட்டுடன் வழங்கிய ‘அங்கெலிய’ என்பதும் இவ்வகையினதே. இவ்விளையாட்டிற் சேரி என்பது பிறப்புவழி வருவது, தெரிவுக்குரியதன்று. ஆயினும் வடசேரியான் தீயவன் என்று எவரும் கொள்ளவில்லை. கொம்பு முறிந்த பின்னர் இரு சேரியாரும் ஒரே வயலில் இறங்கினர். பிறப்பினால் அணி வந்தது, இயல்பு வரவில்லை.

வடமோடிக் கூத்து வேறொரு வகையில் இதனை உணர்த்துகின்றது. பாத்திரம் களரிக்கு வரும்போதே வரவுப் பாட்டும் தாளமும் ஆட்டமும் அதன் தன்மையை அவையோர்க்கு அறிவித்துவிடுகின்றன. இதுவும் ஒருவகை அறச்சார்புக் குறிப்பே. ஆனால் அப்பாத்திரத்தை ஆடுவோனுக்கு அக்குறிப்பு ஒட்டுவதில்லை. குரலும் உடற்கட்டும் ஆட்டத்திறனும் நோக்கி அண்ணாவியார் சட்டங்கொடுக்கின்றார்; விடிந்ததும் துரியோதனன் உழவனாகின்றான்.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் 1962இல் மேடையேற்றிய ‘கர்ணன் போர்’ நமது விவாதத்துக்கு இன்னும் நெருங்கியது. கர்ணன் பிறப்பாற் பாண்டவன், அணியாற் கௌரவன், குணத்தால் வள்ளல். ஒன்பது கட்டங்களுள் எதில் அவனை எழுதுவது? வாக்குத் தவறாமையால் ஒழுங்கு என்போமாயின், அவன் காக்கும் பக்கம் அநீதியின் பக்கம். கொடையால் நன்மை என்போமாயின், பாஞ்சாலி சபையில் அவன் நின்ற நிலையை யாது செய்வது? அவனைக் கௌரவர் பக்கம் நிறுத்துவது அவனது இயல்பன்று, செஞ்சோற்றுக் கடன். உண்ட சோற்றுக்கு உயிரைத் திருப்பித் தரவேண்டும் என்ற அந்நெறி, நிலமானிய உறவின் கருத்துநிலை வடிவமாகும். விதைநெல்லும் உணவும் முன்பணமாகப் பெற்றுப் போடியாரின் காணியைச் செய்தவனது கடப்பாடும், அளவில் வேறாயினும் அதே அச்சில் வார்க்கப்பட்டதே. கர்ணனது துயரத்தினை உணர்த்துவது அவன் எந்தக் கட்டத்துள்ளும் அடங்காமை. கட்டங்கள் இல்லாதிருப்பின் அவ்வடங்காமையும் நமக்குப் புலப்பட்டிராது. ஆகவே, பொருந்தாமையைக் காட்டும் அளவுகோலாக நிற்றல் அறச்சார்பு முறையின் இரண்டாவது பயன் எனலாம்.

5

இயல்பாக்கப்பட்ட அறச்சார்பின் ஆபத்தினை இனி நோக்குவோம். 1977இல் வெளியான ‘மொன்ஸ்டர் மேனுவல்’ என்ற தொகுப்பு ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் அறச்சார்பினை விதித்தது. ஓர்க் இனத்தவர் ‘ஒழுங்கு–தீமை’ ஆயினர். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் அதே இனத்தவர் ‘ஒழுங்கின்மை–தீமை’ ஆயினர். ஒழுங்கு ஒழுங்கின்மையாக மாறியபோது அதனை மாபெரும் முரணாக எவரும் கருதவில்லை. தீமை மட்டும் மாறவேயில்லை. மாறாத அச்சொல்லின் தொழிற்பாடு யாது? கொல்லுதற்குக் காரணம் தேடவேண்டிய சுமையை ஆடுவோரிடமிருந்து அகற்றுவதே. பிறப்பாலே தீயவனை வெட்டுவோன் அவனிடம் யாது குற்றம் என்று கேட்கவேண்டியதில்லை.

குணத்தைக் குலத்தோடு பிணைத்த கோட்பாடு நமக்குப் புதியதன்று. சாத்துவிகம், இராசதம், தாமதம் என்னும் குணங்களை வருணங்களோடு இணைத்துப் பேசிய சிந்தனை செய்த பணியும் இதுவே. உழைப்பவனின் தாழ்நிலைக்குச் சமூக உறவு காரணமன்று, அவனது இயல்பே காரணம் என்று அது நிறுவியது.

இதற்கெதிராக எழுந்த ஒரு வழி, குறிகளைத் தலைகீழாக்குதல். புலவர் குழந்தை 1946இல் வெளியிட்ட ‘இராவண காவியம்’ இராவணனை நாயகனாக்கியது. 1948இல் அந்நூல் தடைசெய்யப்பட்டு, 1971இலேயே தடை நீங்கியது. ஆதிக்கக் கதையாடலை எதிர்த்தெழுந்த அதன் வரலாற்றுத் தேவையை நாம் மறுக்கவில்லை. ஆயின் நல்லினம், தீயினம் என்ற பெட்டிகளை அப்படியே வைத்துக்கொண்டு, பெயர்ச்சீட்டுகளை மட்டும் மாற்றுதல் முழுமையான விடையாகாது. 1960களின் நடுப்பகுதியிற் பேராதனையில் உருவான ‘இராவணேசன்’ வேறொரு திசையிற் சென்றது. இராவணனைத் தெய்வமாக்காமல், தன் செயலின் விளைவினைத் தானே எதிர்கொள்ளும் அவல நாயகனாக அது காட்டியது. அதே பத்தாண்டின் இறுதியில் மௌனகுருவின் ‘சங்காரம்’ வடமோடி ஆட்டமுறைக்குள்ளேயே இன்னொரு படி முன்சென்றது. அங்கே அரக்கர் ஓர் இனத்தவரல்லர். சாதி முதலிய சமூகக் கொடுமைகளே அரக்கராக உருவகம் பெற்றன. தீமையை மனிதரின் குருதியிலன்றி மனிதரிடையேயான உறவில் வைத்துக் காட்டியமையே இந்நாடகத்தின் சாதனை.

இவ்வேறுபாடு ஏட்டளவினதன்று. அம்பாறை, மட்டக்களப்புக் கரையோரத்திற் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே மொழியைப் பேசி, அடுத்தடுத்த வயல்களைச் செய்து, தாய்வழிக் குடிமுறையினைக் கூட ஒருங்கே பேணி வந்தவர்கள். 1990 ஓகஸ்ட் 3ஆந் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றோர் கொல்லப்பட்டனர். அதே மாதத்திற் சம்மாந்துறைக்கு அண்மையிலுள்ள வீரமுனையிற் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர் கொல்லப்பட்டனர். கொல்லப்பட்டவருள் எவரிடமும் அவரது செயல் யாதென விசாரிக்கப்படவில்லை. பிறந்த சமூகமே அவரது அறச்சார்பாகக் கொள்ளப்பட்டது. இவ்வனர்த்தங்கட்கு விளையாட்டு விதிகள் காரணமென்று கூறுதல் நகைப்புக்கிடமாகும். அவற்றின் வேர்கள் நிலத்திலும் அரசதிகாரத்திலும் போரிலும் உள்ளன. ஆயின், அணியை இயல்பாக மாற்றும் சிந்தனைமுறை எத்தகையது என்பதை, உயிர்ச்சேதமின்றி ஆராய்ந்தறிவதற்கு மேசையொன்று கிடைக்குமாயின் அதனைப் புறக்கணித்தல் தகாது.

6

அவ்வாறாயின் அறச்சார்பு முறையை அடியோடு நீக்குதல் நன்றா? அண்மைக்காலப் போக்கு அதனை நோக்கியே செல்கின்றது. 2008ஆம் ஆண்டின் நான்காம் பதிப்பு ஒன்பதை ஐந்தாகச் சுருக்கியது. 2014ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பு ஒன்பதையும் மீட்டதாயினும், விதிகளில் அவற்றின் வலுவைப் பெரிதும் குறைத்தது. ஓர்க் முதலிய இனங்களைச் சித்திரிக்கும் முறையை மாற்றுவதாக வெளியீட்டாளர் 2020இல் அறிவித்தனர். அதனோடு உறவுடைய ‘பாத்ஃபைண்டர்’ என்ற விளையாட்டின் 2023ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பு அறச்சார்பினை முற்றாக விலக்கியது.

பிறப்போடு பிணைத்த தீமையை நீக்கியமை வரவேற்கத்தக்கதே. ஆயின் அதனோடு அறவிசாரணையும் நீங்கிவிடின், எஞ்சுவது கொள்ளையும் வெற்றியும் மட்டுமே ஆகும். எதற்கும் காரணம் கேட்காத வீரன், சந்தையின் இலட்சிய மனிதன்.

மாற்றுவழிக்கு இரு முன்மாதிரிகளைச் சுட்டலாம். ஒன்று இவ்விளையாட்டுலகிலேயே தோன்றியது. கிரெக் ஸ்டாபர்ட் 1985இல் வெளியிட்ட ‘பென்ட்ராகன்’ பாத்திரத்தின் மனப்பாங்கினைப் பதின்மூன்று எதிரிணைகளாக வகுத்தது. ஒவ்வோரிணையின் கூட்டுத்தொகையும் 20. இரக்கம் உயரின் கொடுமை தாழும். செய்யும் செயல்களுக்கேற்ப இவ்வெண்கள் மாறும். இங்கே இயல்பு செயலின் விளைவு; செயல் இயல்பின் விளைவன்று.

மற்றையது சவளக்கடையைச் சூழ்ந்த ஊர்களின் மதுரசா மாணவன் எவனும் அறிந்தது. ஷாபிஈ மத்ஹபின் சட்டமரபு வாஜிபு, சுன்னத்து, முபாஹ், மக்ரூஹ், ஹராம் என ஐவகைப்படுத்துவது மனிதரையன்று, செயல்களை. ஒரே மனிதன் காலையில் வாஜிபினை நிறைவேற்றி மாலையில் மக்ரூஹினைச் செய்யலாம். செயலை மதிப்பிடும்போது நிய்யத்து நோக்கப்படுகின்றது. செய்தவனது குலம் நோக்கப்படுவதில்லை. இம்மரபின் இறையியல் அடிப்படை நமது ஆய்வுக்குட்பட்டதன்று. செயலை வகைப்படுத்தல், ஆளை வகைப்படுத்தல் என்ற இரண்டிடையே அது பேணும் இடைவெளியே நமக்கு வேண்டுவது.

எனவே, மேசையில் இம்முறையைக் கையாள்வோர்க்கு மூன்று நெறிகளை முன்வைக்கலாம். அறச்சார்பினைப் பாத்திரத்தின் பிறப்போடும் இனத்தோடும் பிணைத்தலாகாது. அதனை ஆட்டத் தொடக்கத்திற் குறித்த ஒரு நிலைப்பாடாகக் கொண்டு, ஒவ்வொரு செயலின் பின்னரும் மீள விசாரித்தல் வேண்டும். ‘ஒழுங்கு’ என்று எழுதப்படும் இடமெல்லாம் யாருடைய ஒழுங்கு என்பதும் உடன் எழுதப்படல் வேண்டும்.

இயல்பு மாறாதது என்று கூறுவோர்க்கு நமது பிரதேசத்து நீர்ப்பாசன வரலாற்றிலேயே விடையுண்டு. கல்லோயாத் திட்டத்தின் இடதுகரைப் பகுதி, நீருக்காக ஓயாது பிணங்கும் விவசாயிகளின் பகுதியென்றே 1980ஆம் ஆண்டளவிற் பெயர்பெற்றிருந்தது. ஒத்துழைத்தல் அவர்களின் இயல்பிலேயே இல்லை எனப்பட்டது. கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் இணைந்து அங்கே விவசாயிகளின் சிறு குழுக்களை அமைக்கத் தொடங்கிய சிறிது காலத்திலேயே, வாய்க்காலின் தலைப்பகுதியார் நீரை மிச்சப்படுத்திக் கடைப்பகுதிக்கு அனுப்பினர். இன வேறுபாடு கடந்தும் அவ்வாறு செய்தனர். மனிதர் மாற்றி வைக்கப்படவில்லை. அவர்களிடையேயான உறவு மாறியது. மேசையைச் சுற்றி அமர்ந்து கற்பனை மாந்தரை ஆட்டுவிக்கும் இளைஞர் இவ்வுண்மையை ஒருமுறையேனும் ஆடி உணர்வாராயின், அறச்சார்பு முறை தன் பயனை நிறைவேற்றியதாகக் கொள்ளலாம்.